பற்றும் வரவும்





வணிகவியல் பயின்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற நமக்கு, ‘பற்று’ என்னும் சொல் இரண்டு இடங்களிலிருந்து பழக்கமானது. காலையில் கோயிலாழ்வார் முன்பு அமர்ந்து அருளிச்செயல் அனுஸந்திக்கையில் பற்று என்பது விடவேண்டியதொன்று. பத்து மணிக்கு வங்கியில் பேரேட்டைத் திறந்தால் அதே பற்று எழுதவேண்டியதொன்று. பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை என்பது கணக்கியலின் முதல் பாடம். நம் ஏட்டில் ஒருவர் பெயரில் பற்று எழுதப்பட்டிருந்தால், நம்முடையது ஏதோ ஒன்று அவரிடம் போயிருக்கிறது என்று பொருள். அது திரும்பி வரும்வரை அந்தக் கணக்கு முடியாது.

அன்பையும் இப்படி எழுதிவிட முடியுமா? நாம் நேசித்தவர் மறைந்துவிட்டால், அவரிடம் போனதைத் திருப்பி எடுத்துக்கொண்டு கணக்கை முடிப்பதுதான் முறையா? இக்கேள்வியை நமக்குள் எழுப்பியது ஒரு பழைய நிகழ்ச்சி. அதைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

1980களின் பிற்பகுதியில், ஒரு சிறிய ஊர்க் கிளையில் நாம் இளம் அதிகாரியாக இருந்தபோது, மாதந்தோறும் முதல் வாரத்தில் ஓர் அம்மையார் வருவார். கையில் ஒரு சேமிப்புக் கணக்குப் புத்தகம் இருக்கும். அது அவருடைய மகனுடையது. மகன் விபத்தொன்றில் இறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தொகை பெரிதன்று. இறப்புச் சான்றிதழும் உரிமைகோரும் படிவமும் தந்தால் ஒரே வாரத்தில் பணம் கைக்கு வந்துவிடும் என்று பலமுறை சொல்லியாயிற்று. அவர் கேட்டுக்கொள்வார். பிறகு புத்தகத்தை நீட்டி, வட்டி வரவாகியிருந்தால் எழுதித் தரச் சொல்வார். ஆறு மாதத்திற்கு ஒருமுறைதான் வட்டி வரவாகும் என்பது அவருக்கும் தெரியும், ஆயினும் வருவார். மகன் பெயருக்கு நேரே மையால் எழுதிய புதிய வரி ஒன்றைப் பார்ப்பதற்காகவே அவர் வந்தார் என்பது இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை.

ஒருநாள் அவரை எதிரில் அமர்த்திப் பொறுமையாக எடுத்துச் சொன்னோம். இந்தப் பணம் இப்படிச் சும்மா கிடப்பதில் யாருக்கும் பயனில்லை; உங்கள் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட்டால் கூடுதல் வட்டி வரும்; எத்தனை காலம்தான் இதைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள் என்றெல்லாம் சொன்னோம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம். அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டுக் கையொப்பமிட்டார். கணக்கு முடிந்தது. புத்தகத்தை வாங்கிக் குறுக்கே கோடிட்டு, ‘கணக்கு முடிக்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் வைத்தோம். “ஐயா, அந்தப் புஸ்தகத்தை மட்டும் எனக்குக் குடுத்துடுங்களேன்” என்றார். விதிப்படி தர இயலாது என்றோம். அதன்பின் அவர் கிளைக்கு வரவேயில்லை. வைப்பு ரசீதைக்கூட அவருடைய தம்பிதான் வந்து பெற்றுச் சென்றார்.

நாம் அன்று அறியாமற் சொன்ன அறிவுரைக்கு ஒரு பெரிய ஆசிரியருடைய ஆதரவு உண்டென்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம். அவர் வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட்.

மனத்தின் இயக்கத்தை மூன்று கோணங்களில் விளக்கவேண்டும் என்பது ஃப்ராய்டின் கொள்கை. அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயரே ‘பொருளாதார நோக்கு’ என்பதாகும். மனத்தில் ஒருவகை ஆற்றல் உண்டு. அதற்கு அளவு உண்டு. அது ஓரிடத்தில் மிகுதியாகச் சென்றால் மற்றோரிடத்தில் குறையும் என்று அவர் கருதினார். ஒரு மனிதர்மீதோ, பொருள்மீதோ, எண்ணத்தின்மீதோ அவ்வாற்றல் சென்று தங்குவதை ‘பெஸெட்ஸுங்’ என்னும் ஜெர்மானியச் சொல்லால் குறித்தார். அது அறிஞர்களுக்கென்று ஆக்கிய சொல்லன்று. இருக்கையில் ஆள் அமர்ந்திருப்பதற்கும், படை ஓர் ஊரைப் பிடித்துத் தங்கியிருப்பதற்கும் அம்மக்கள் அன்றாடம் வழங்கும் சொல். அவர் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி 1922இல் அதற்குக் கிரேக்க வேர் ஒன்றிலிருந்து ‘கதெக்ஸிஸ்’ என்றொரு சொல்லைப் படைத்தார். எளிய சொல் இருக்கையில் கடினமான கலைச்சொல் எதற்கு என்று ஃப்ராய்டுக்கு அதில் அவ்வளவாக விருப்பமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் முதலீடு என்று பொருள்படும் சொல்லையே அதற்கு வழங்குகிறார்கள். தமிழில் நாம் எதையும் படைக்க வேண்டியதில்லை. பிடித்துக்கொள்வது, ஒட்டியிருப்பது, கணக்கில் ஒருவர் பெயரில் எழுதுவது ஆகிய மூன்றையும் ‘பற்று’ என்ற ஒரே சொல் தாங்கி நிற்கிறது.

1914இல் எழுதிய கட்டுரையொன்றில் ஃப்ராய்ட் இதற்கு ஓர் உவமை கூறுகிறார். அமீபா என்னும் ஓரணு உயிர் தன் உடலிலிருந்தே விரல்போன்ற நீட்சிகளை வெளியே விடுகிறது. வேண்டும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறது. மனிதனும் தன்னிடத்துள்ள அன்பின் ஆற்றலைப் பிறர்மேல் நீட்டுகிறான். பிறகு தன்பால் இழுத்துக்கொள்கிறான். ஆக, முதலில் இருப்பு தன்னிடத்தில் இருக்கிறது. பிறரிடம் இருப்பது அதிலிருந்து சென்றதே. உறவு என்பது தன் இருப்பிலிருந்து பிறர் பெயரில் எழுதிய பற்று என்றாகிறது.

அப்படியானால் மரணம் நேரும்போது என்ன ஆகிறது? 1915இல் எழுதி 1917இல் வெளியான ‘துக்கமும் மனச்சோர்வும்’ என்னும் கட்டுரையில் அதற்கு விடை தருகிறார். நேசித்தவர் இனி இல்லை என்பதை உலகம் உணர்த்துகிறது. அவரிடம் சென்ற ஆற்றலைத் திரும்ப எடுக்கும்படி மனத்துக்குக் கட்டளை வருகிறது. மனமோ எளிதில் இசைவதில்லை. ஆகவே ஒவ்வொரு நினைவாக மேலே கொணர்ந்து, அதனை மிகுந்த வேகத்தோடு ஒருமுறை உணர்ந்து, பின்பு அதிலிருந்து பற்றை விடுவிக்கிறது. இது நெடுநாள் வேலை. வேதனை நிறைந்த வேலை. முடிந்தபின் மனம் விடுதலை பெற்று, வேறொன்றைப் பற்ற வல்லதாகிறது. வங்கிக்காரன் மொழியில் சொன்னால், ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்து நிலுவையை வசூலித்துக் கணக்கை முடிப்பது.

இந்த விவரணையில் உண்மை உண்டு. துக்கம் ஒரே அலையாக வருவதில்லை என்பதை அனுபவித்தவர் அறிவர். அவர் அமர்ந்த நாற்காலி ஒருநாள் அழவைக்கும். அவர் எழுதிவைத்த மளிகைப் பட்டியல் மற்றொருநாள் அழவைக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து தன் வரியைப் பெற்றுக்கொண்டு போகிறது. துக்கத்தைக் கோழைத்தனம் என்னாமல், மனம் செய்தே தீரவேண்டிய வேலை என்று கண்டதற்காக ஃப்ராய்டுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் இந்தப் பற்றை விடுவது ஏன் இத்தனை வலிக்கிறது? ஆற்றல் திரும்பிவந்தால் வேறு முதலீடு செய்துகொள்ளலாமே! ஃப்ராய்டே இதைக் கேட்டுக்கொண்டு, இது நமக்கு ஒரு புதிராகவே இருக்கிறது என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ‘நிலையாமை’ பற்றி அவர் 1915இல் எழுதிய சிறு கட்டுரையில் அது காணப்படுகிறது. கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் இருப்பு ஒத்துவரவில்லை என்று மாலையில் விழிக்கும் காசாளரைப் போல அவர் அங்கே நிற்கிறார்.

விடை அவருக்கு ஏட்டிலிருந்து வரவில்லை; வாழ்விலிருந்து வந்தது. 1920 ஜனவரியில் அவருடைய மகள் ஸோஃபி, ஹாம்பர்க் நகரில் இன்ஃபுளுயன்ஸா காய்ச்சலால் இறந்தாள். வயது இருபத்தாறு. போர் முடிந்த காலம்; ரயில்கள் ஓடவில்லை; தந்தையால் சென்று முகம் காணவும் இயலவில்லை. மூன்றாண்டு கழித்து, 1923 ஜூனில், அவள் விட்டுச்சென்ற இளைய மகன் நான்கு வயதில் காசநோயால் இறந்தான். ஃப்ராய்ட் கண்ணீர் விட்டதாக அறியப்படும் ஒரே சந்தர்ப்பம் அதுவே என்று அவர் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் குறிப்பிடுகிறார்.

1929 ஏப்ரலில், ஸ்விட்ஸர்லாந்து மருத்துவரும் நண்பருமான லுட்விக் பின்ஸ்வாங்கர் தம் மகனை இழந்தார். அவருக்கு ஃப்ராய்ட் ஆறுதல் கடிதம் எழுதினார். ஸோஃபி உயிரோடிருந்தால் அவளுக்கு முப்பத்தாறு வயது நிரம்பும் நாளை நினைவுகூர்ந்து எழுதிய கடிதம் அது. அதன் சாரம் இது: துயரத்தின் கூர்மை காலத்தால் மழுங்கும், ஆனால் போனவருக்கு ஈடு ஒருபோதும் கிடைப்பதில்லை, இடைவெளியை வேறு எது நிரப்பினாலும் அது வேறாகவே இருக்கும், அவ்வாறு இருப்பதே தகும், ஏனெனில் விட மனமில்லாத அன்பைத் தொடர்வதற்கு அதுவே வழி.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கணக்கை முடிக்கலாம் என்று எழுதிய அதே கை, இப்போது முடிக்க வேண்டாம் என்று எழுதுகிறது. கொள்கையை எழுதியவர் மருத்துவர். கடிதத்தை எழுதியவர் தகப்பனார். 1933இல் ஃப்ராய்டிடம் சிகிச்சைக்கு வந்த அமெரிக்கப் பெண் கவிஞர் ஹில்டா டூலிட்டில் பின்னாளில் தம் நினைவுகளை நூலாக எழுதினார். தம் கடிகாரச் சங்கிலியில் கோத்திருந்த ஒரு சிறு பேழையைக் காட்டி, மகள் தம்மோடு இருப்பதை ஃப்ராய்ட் உணர்த்திய செய்தி அதில் உள்ளது. மகள் போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அம்மையார் கையிலிருந்த சேமிப்புப் புத்தகத்திற்கும் இந்தப் பேழைக்கும் என்ன வேறுபாடு என்று நமக்குத் தெரியவில்லை.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு; அது நம் வாசகர்களுக்கு உவப்பாயிருக்கும். ஃப்ராய்டின் மேசையின்மேல் தந்தத்தாலான விஷ்ணு விக்ரஹம் ஒன்று இருந்தது. திருவனந்தாழ்வானின் படங்கள் குடையாகக் கவிந்த திருக்கோலம். கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தார், 1931இல் ஃப்ராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அனுப்பிய பரிசு அது. 1938இல் அவர் வியன்னாவை விட்டு லண்டன் சென்றபோது அவருடைய சேகரிப்போடு அதுவும் சென்றது. இன்றும் அங்கே அவர் வாழ்ந்த இல்லத்தில் இருக்கிறது. தெய்வநம்பிக்கையைத் தந்தையின் பாதுகாப்பை நாடும் குழந்தையின் ஏக்கமென்று 1927இல் நூல் எழுதியவர் அவர். விக்ரஹத்தை வைத்ததால் பக்தரானார் என்று சொல்வது பொய்யாகும். சங்கிலியில் மகளும் மேசையில் எம்பெருமானுமாக அவர் அமர்ந்திருந்தார் என்பது மட்டும் மெய். அந்த இரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்பதை அவர் எண்ணவில்லை. அதை எண்ணிப் பார்ப்பது நம் பணி.

நம் பூர்வர்களும் பற்றைப் பற்றி நிறையவே அருளியிருக்கிறார்கள். முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் வரும் பரத மன்னனின் சரித்திரம். ராஜ்யத்தைத் துறந்து சாளக்கிராமத்தில் தவம் புரிந்த பரதர், சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சித் தாவிய பெண்மானின் வயிற்றிலிருந்து ஆற்றில் விழுந்த குட்டியை எடுத்து வளர்த்தார். நாடும் மக்களும் வேண்டாமென்று வந்தவர் மனம் ஒரு மான்குட்டியினிடம் முழுதும் சென்று தங்கியது. அது மேயச் சென்று திரும்பத் தாமதித்தால் தவம் நின்றது. இறக்கும்போதும் அதையே பார்த்துக்கொண்டு இறந்து, மானாகவே பிறந்தார். ஃப்ராய்ட் சொன்ன பொருளாதாரக் கணக்கு இங்கும் பொருந்துவதுபோல் தோன்றுகிறது: மானிடம் போனது பெருமாளிடம் குறைந்தது.

ஆகவே, பற்று கூடாது, மறைந்தவர் மறைந்தவரே, அன்பை அங்கிருந்து எடுத்து எம்பெருமானிடம் வை என்று சிலர் துக்கவீட்டிலேயே உபதேசிப்பதுண்டு. நல்லவர்கள்தாம். ஆனால் அன்று வங்கியில் நாம் சொன்னதற்கும் இவர்கள் சொல்வதற்கும் வேறுபாடு மிகச் சிறிது. நாம் நிரந்தர வைப்பில் போடச் சொன்னோம். இவர்கள் வைகுந்தத்தில் போடச் சொல்கிறார்கள். இருவருமே எதிரில் அமர்ந்திருப்பவரின் அன்பைச் சும்மா கிடக்கும் பணமாக எண்ணுகிறோம்.

ஆழ்வார்கள் அப்படிச் செய்யவில்லை. பெருமாள் திருமொழியில் குலசேகராழ்வார், கண்ணனின் பிள்ளைப்பருவத்தைக் காணக்கொடுத்து வைக்காத தேவகியாக நின்று ஒரு பதிகம் முழுதும் புலம்புகிறார். இராமனைக் காட்டுக்கு அனுப்பிய தயரதனாக நின்று மற்றொரு பதிகம் புலம்புகிறார். பெரியாழ்வார் தம் திருமொழியில், மகள் மாயவனோடு போய்விட்ட வீட்டில் தனித்து நிற்கும் தாயாகப் பேசும் பதிகம் ஒன்றுண்டு. ஒரே மகளைப் பெற்று வளர்த்த இல்லம் வெறிச்சோடிக் கிடக்கிறது. மகள் சென்றது சாக்ஷாத் எம்பெருமானிடம். அதைவிட நல்ல இடம் இல்லை. இருந்தும் அந்தத் தாய், நல்ல இடத்துக்குத்தானே போனாள் என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. போன இடம் சரியாக இருக்கிறதா, உரிய சிறப்புகளைச் செய்வார்களா, தன் வீட்டில் பழகிய மகள் அங்கே எப்படி இருப்பாளோ என்று அவள் உள்ளம் தவிக்கிறது. மகளை எம்பெருமானிடம் கொடுத்தும் மகள்மேலுள்ள அன்பு ஒரு மாற்றுக் குறையவில்லை. பெருமாளிடம் அன்பு செல்ல, மகளிடமிருந்து அதை எடுத்தாக வேண்டும் என்ற கணக்கே அங்கு இல்லை.

ஏன் இல்லை? இங்கேதான் எம்பெருமானார் நமக்குக் கைகொடுக்கிறார். பிருஹதாரண்யக உபநிஷத்தில் யாஜ்ஞவல்க்யர் மைத்ரேயிக்குச் செய்யும் உபதேசம் பிரஸித்தமானது. கணவனோ மனைவியோ மக்களோ செல்வமோ அவ்வவற்றுக்காகப் பிரியமாவதில்லை, ஆத்மாவுக்காகவே பிரியமாகின்றன என்பது அதன் போக்கு. இதனை, மனிதன் தன்னலத்துக்காகவே பிறரை நேசிக்கிறான் என்று படிப்போரும் உண்டு. அப்படிப் படித்தால் அது ஃப்ராய்டின் அமீபாவுக்கு மிக அருகில் வந்துவிடும். எம்பெருமானாரோ ஸ்ரீபாஷ்யத்தில் இவ்விடத்து ஆத்ம சப்தத்துக்குப் பரமாத்மா என்றே பொருள் அருளிச்செய்கிறார். கணவன் மனைவிக்குப் பிரியமானவனாவது, ‘நான் இவளுக்குப் பிரியமாவேனாக’ என்று அவன் நினைப்பதனால் அன்று. பரமாத்மாவின் ஸங்கல்பத்தினாலேயே ஒருவர்க்கு ஒருவர் பிரியமாகின்றனர்.

இதை நம் ஏட்டுக்கணக்கில் வைத்துப் பார்த்தால் எல்லாமே இடம் மாறிவிடுகிறது. ஃப்ராய்டின் கணக்கில் மூலதனம் என்னுடையது; நான் பிறரிடம் போடுகிறேன்; ஆகவே அவர் போனால் எனக்கு நஷ்டம், எடுத்துக்கொள்வது என் உரிமை. எம்பெருமானார் காட்டும் கணக்கில் மூலதனமே என்னுடையதன்று. என் மனைவியை எனக்குப் பிரியமாக்கியவன் அவன். அவளிடத்தில் நான் கண்ட இனிமை அவன் வைத்த இனிமை. ஸகல சேதனாசேதனங்களும் அவனுக்குச் சரீரம் என்பது நம் ஸித்தாந்தம். அப்படியிருக்க, அவளிடம் போன அன்பு அவனிடம் குறைந்தது என்று எப்படி எழுதுவது? கையை வருடினால் அந்த வருடல் கையோடு நிற்பதா, கைக்குரியவனைச் சேர்வதா?

பரதர் இடறியது மானை நேசித்ததனால் அன்று என்று நமக்குத் தோன்றுகிறது. ஆற்றில் விழுந்த குட்டியை எடுக்காமல் தவத்தில் கண்மூடியிருந்தால் அதை யார் மெச்சுவார்? ‘என் மான்’ என்ற மமகாரம் புகுந்ததும், மானைத் தந்தவனை மறந்ததுமே இடறிய இடம். அவர் வைத்த பற்று தவறன்று. அதைத் தம் பெயரில் எழுதிக்கொண்டதே தவறு.

உடனே ஒரு வினா எழும்: என்னுடையதன்று என்றால் எனக்குத் துக்கம் எதற்கு? இதற்குக் காசாளரிடம் விடை உண்டு. ஒரு நாளில் லக்ஷக்கணக்கான ரூபாயை எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார். அதில் ஒரு காசும் அவருடையதன்று. அதற்காக அலட்சியமாயிருப்பாரா? மாலையில் பத்து ரூபாய் குறைந்தாலும் இருப்பிடத்தை விட்டு எழமாட்டார். தனக்குச் சொந்தமானதைவிட, தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டதைக் காப்பதில் கவனம் மிகுதி. உரிமை இல்லை என்பது அக்கறை இல்லை என்பதாகாது. வாங்கும்போது எம்பெருமானுடைய செல்வம் என்று வாங்கினோம். அவன் திரும்பப் பெறும்போது கை நடுங்குவது இயல்பு. அந்த நடுக்கத்தைப் பாபம் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

மற்றொன்றும் சொல்லவேண்டும். துக்கம் நோயாக முற்றுவதும் உண்டு. உண்பதையும் உறங்குவதையும் விட்டு, தன்னையே நிந்தித்துக்கொண்டு, உயிர்வாழ விருப்பமற்று ஒருவர் இருந்தால், அது ஃப்ராய்ட் துக்கத்திலிருந்து பிரித்துக்காட்டிய மனச்சோர்வு. அப்படிப்பட்டவரிடம் பெருமாளை நினை என்று மட்டும் சொல்லி அனுப்புவது தர்மமன்று; தக்க வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் பாகவத கைங்கர்யமே. அவ்வாறு நோயாகாத துக்கத்தை, முடித்தே தீரவேண்டிய கணக்காக எண்ண வேண்டா என்பதே நாம் சொல்ல வந்தது. மேலைநாட்டு அறிஞர்களும் இப்போது இதை ஒப்புகிறார்கள். மறைந்தவரோடுள்ள பிணைப்பு தொடர்வது நோயின் அறிகுறியன்று, வாழ்வின் இயல்பே என்ற கருத்தை முன்வைத்து 1996இல் வெளியான ஒரு தொகுப்பு நூல் அத்துறையினரிடையே பெரிதும் பேசப்பட்டது.

இனி எம்முடைய கணக்குக்கு வருவோம். மூன்றாண்டுகளுக்கு முன் எம் மனைவியார் ஆசார்யன் திருவடி அடைந்தார். வங்கியில் எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு இருந்தது. இருவரில் எவரேனும் அல்லது இருப்பவர் இயக்கலாம் என்ற ஏற்பாடு. மறைந்தவர் பெயரை நீக்க ஒரு விண்ணப்பமும் சான்றிதழின் நகலும் போதும். ஆயிரம் பேருக்கு அரைமணியில் செய்து கொடுத்த வேலை. எமக்கு அதைச் செய்ய எட்டு மாதங்கள் ஆயின. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புறப்படுவோம். ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும். அப்போதுதான் அந்த அம்மையார் நினைவுக்கு வந்தார்.

இறுதியில் சென்றோம். மேசையில் இருந்தவர் மகள் வயதுள்ள அதிகாரி. விண்ணப்பத்தைச் சரிபார்த்து, புதிய புத்தகம் அச்சிட்டுத் தந்துவிட்டு, இரண்டு பெயர்களும் இருந்த பழைய புத்தகத்தைக் கையில் எடுத்தார். எங்கள் முகத்தில் என்ன கண்டாரோ, “ஸார், இதுல ரத்துன்னு முத்திரை வச்சு உங்ககிட்டயே தந்துடறேன், வச்சுக்கறீங்களா?” என்றார். முத்திரையைப் பெயர்களின்மேல் விழாமல், கீழே ஓரமாகக் குத்தி, இரு கைகளாலும் தந்தார்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு முத்திரை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த அம்மையாருக்கு நாமும் அதைச் செய்திருக்கலாம். விதி குறுக்கே நின்றதா என்று மேலதிகாரியை ஒரு வார்த்தை கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. விதி என்றோம்; உண்மையில் அது அவசரம். அவர் இன்று இருக்கிறாரோ இல்லையோ அறியோம். எங்கிருந்தாலும் அவரிடம் மன்னிப்பு வேண்டுவதற்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிஸர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது 2014 முதல் நடைமுறை. பலர் இதைக் கேட்டுப் பணம் போயிற்று என்று அஞ்சுவர். போவதில்லை. கிளையில் இல்லை, மேலிடத்தில் இருக்கிறது. உரியவர் எப்போது வந்து கேட்டாலும் அதே வங்கியின் வாயிலாகவே திரும்பப் பெறலாம். ஆசார்யன் திருவடி அடைந்தவர்களைப் பற்றி நாம் கொள்ளும் உறுதியும் இத்தகையதே. இந்தக் கிளையின் ஏட்டில் அவர்கள் பெயர் இல்லை. பெயர் அழியவில்லை, ஸ்வாமியினிடம் இருக்கிறது.

எம் மனைவியார் நாள்தோறும் பெருமாளுக்குத் திருத்துழாய் மாலை கட்டி ஸமர்ப்பிப்பார். முப்பத்தாறு ஆண்டுகள் நாம் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நாமே கட்டுகிறோம். முடிச்சு நழுவுகிறது, மாலை ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் மெலிந்தும் இருக்கிறது. அவரிடம் இருந்த அன்பை எடுத்துப் பெருமாளிடம் மாற்றிவிட்டோமா என்று ஒருநாள் எம்மையே கேட்டுக்கொண்டோம். இல்லை. நார் எடுக்கும்போது அவர் விரல்கள் நினைவுக்கு வருகின்றன. மாலை சாற்றும்போது பெருமாளைப் பார்க்கிறோம். எது யாருக்குப் போகிறது என்று பிரித்து எழுத நமக்குத் தெரியவில்லை. எழுதவேண்டிய தேவையும் தோன்றவில்லை. பழைய புத்தகம் கோயிலாழ்வாரின் கீழ்த்தட்டில், திருவாராதனப் புத்தகங்களோடு இருக்கிறது.

துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் செல்ல நேர்ந்தால், தேவரீர்கள் அவருடைய கணக்கை முடித்துவைக்க முயலவேண்டாம் என்பதே எமது விண்ணப்பம். அவர் கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால், அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிடாதீர்கள். சற்று அருகில் அமர்ந்து, அவருக்குப் பிரியமானவரைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பிரியமாக்கியவன் யார் என்பதை அவரே ஒருநாள் சொல்வார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.